கறையில்லாத உறை

லொரீன் போல் வந்து நின்றபோது மேவிஸ் ஸ்ட்ராண்ட் தன் நாயின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என் புருஷன் கொலை பண்ணலை. ஆனா பண்ணேன்னு கையெழுத்துப் போட்டுட்டான்."

மேவிஸ் உண்ணியை மண்ணெண்ணெய்க் குப்பிக்குள் போட்டாள். "உக்காரு. யார் மேல சந்தேகம்?"

"ஆல்டன் ப்ரீஸ். பல் டாக்டர்."

"கேக்கறதுக்கு முன்னாடியே வாயில ரெடியா வெச்சிருக்கே."

"மூணு நாளா தூங்காம வேற என்ன யோசிப்பேன்? என் புருஷன் ஜெயில்லயே சாகப்போறான், மேவிஸ். உங்களால முடியுமா, முடியாதா?"

மேவிஸ் மொன்டானாவில் முப்பது ஆண்டுகள் மாட்டு முத்திரை ஆய்வாளராக இருந்தவள். பழைய சூட்டுக்குறியின் மேல் திருடன் புதுக்குறி போட்டிருந்தால் தோலை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு, ஷெரிஃப் அலுவலகம் முடித்துவைத்த விவகாரங்களைப் பைன் ஃபோர்க் ஊர்க்காரர்கள் அவளிடம் கொண்டுவந்தார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. யாரும் அதற்காக வந்ததுமில்லை.

லொரீன் சொன்னது இது. அவள் நடத்தும் தீவனக் கடையின் பின்னறையில் செவ்வாய்தோறும் மாலை மூன்று ஆண்கள் கூடித் துப்பாக்கி உறை தைப்பார்கள். விற்பதற்கல்ல, பொழுதுபோக்கு. அவள் கணவன் ஓரின், பல் மருத்துவர் ஆல்டன், மூன்றாவதாக வெர்ல் ஹாஸ்கெட். லொரீன் காப்பி போட்டுக் கொடுப்பாள். எல்லோரும் போன பின் பெருக்கிப் பூட்டுவாள்.

வெர்லின் தையல் நேர்த்தியானது. நாக்கு அப்படியல்ல.

ஓரின் ஒரு வெல்டர். எவ்வளவு கழுவினாலும் உள்ளங்கை வெடிப்புகளில் இரும்புத்தூள் இருக்கும். உறை செய்யும் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. அது ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால், கடுக்காய்ச் சாற்றில் ஆணி போட்டதுபோல் மைக்கறுப்பாகிவிடும். துப்பாக்கியை நெகிழித்தாளில் சுற்றி ஈரத்தோலுக்குள் அழுத்தி உருவம் எடுப்பதுதான் முறை. துப்பாக்கியைச் சுற்றலாம். ஓரினின் கையை எதில் சுற்றுவது? அவன் செய்த ஒவ்வோர் உறையிலும் கறுப்பு விரல்கள் பதிந்திருக்கும்.

கடந்த செவ்வாய்க்கிழமை வெர்ல் அப்படியோர் உறையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அதன் முகத்தில் அப்பியிருந்தன.

"பாருங்கப்பா, கரடி கட்டிப்புடிச்ச உறை! பின்னாடி 'போல்'னு குடும்பப் பேரு வேற குத்தியிருக்கான், வெக்கமே இல்லாம. இதைக் கொண்டுபோய்க் கோடைக் கண்காட்சியில வைக்கப்போறேன். 'போல் குடும்பத்தின் கைவண்ணம்'னு அட்டை எழுதி."

ஓரின் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியேறினான். வெர்ல் சிரித்தபடி உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை அவனுடைய கராஜில் கிடந்தான். தோல் தட்டும் அவனுடைய மரச்சுத்தியலான கொட்டாப்புளியாலேயே மண்டை உடைக்கப்பட்டிருந்தது.

"ஆல்டனுக்கு என்ன பகை?" என்றாள் மேவிஸ்.

"போன வருஷம் ஆல்டன் பரிசு வாங்கின உறை மெஷின்ல தைச்சதுன்னு வெர்ல் ஊரெல்லாம் சொன்னான். வெர்லோட கராஜ்ல, அவன் வேலை செய்யற பெஞ்சுக்கு அடியில எல்லாம் நல்லாத் தேடினாங்களான்னு கேளுங்க."

"கேக்கறேன்," என்றாள் மேவிஸ்.

துணை ஷெரிஃப் ராய்ஸ் டன்னல் நாற்பது வயதுக்காரன். பன்னிரண்டு ஆண்டுகளாக வேலிச் சண்டையும் குடிச் சண்டையும்தான் அவனுக்கு வாய்த்தன. மேவிஸ் கூப்பிட்டதும் பாதிச் சாண்ட்விச்சோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"மேடம், நேத்தே சொன்னேன், இதுல ஏதோ இருக்குன்னு."

"யார்கிட்ட சொன்னே?"

"பொண்டாட்டிகிட்ட."

"ஓரின் எப்ப ஒத்துக்கிட்டான்?"

"அதுதான் வேடிக்கை. ஒரு மணி நேரம் 'நான் இல்ல, வீட்டுல தூங்கிட்டிருந்தேன்'னு கத்தினான். ஷெரிஃப் பெஞ்சோட போட்டோவைக் காமிச்சாரு. ரத்தத்தைப் பாத்து இளகுவான்னு நினைச்சாரு. இவன் ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் 'நான்தான்'னுட்டான்."

மேவிஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள். கொட்டாப்புளி, குத்தூசி, நூல்கண்டு. நடுவில் ஈரம் உலராத ஓர் உறை. வெளிர் பழுப்பு, ஒரு கறை இல்லை.

"இது யாரோட உறை?"

"வெர்லோடதுதான். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

"தையலைப் பாரு. குடிகாரன் வீட்டுக்குப் போற மாதிரி வளைஞ்சு போகுது."

சான்றுப் பையிலிருந்த உறையை ராய்ஸ் திருப்பிப் பார்த்தான். பின்புறம் 'போல்' என்று குத்தியிருந்தது. வாயை மூட மறந்து நின்றான்.

வெர்லின் கராஜில் மேவிஸ் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஜாடி இருந்தது. கறை நீக்கும் வெள்ளைப் பொடி. வெர்ல் கொட்டை எழுத்தில் 'இரும்புக் கறைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தான். மூடியின் மேல் இரண்டு மாதத் தூசி. பெஞ்சின் அடியில் ராய்ஸ் முழங்காலிட்டுத் தேடி, தோலின் ஓரம் தேய்க்கும் எலும்புக்கட்டை ஒன்றை எடுத்தான். 'ஆ.ப்.' என்று செதுக்கியிருந்தது.

"மேடம்! ஆல்டன் ப்ரீஸ்! பிடிச்சுட்டோம்!"

"கத்தாதே. அது எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. அடியில எல்லாம் தோல் தூசி ஒரு விரல் கனத்துக்குக் கிடக்கு. இது அது மேல படுத்திருக்கு."

அவள் வீட்டுக்குள் போனாள். சமையலறைத் தொட்டியில் ஒரு வாரத்துத் தட்டுகள் காய்ந்து கிடந்தன. முட்டை ஒட்டியிருந்தது, ஈ மொய்த்தது. ஆனால் பாத்திரக் கூடையில் ஒரே ஒரு பொருள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கடையில் விற்கும் எலுமிச்சைச் சாற்றுப் புட்டி, காலி. மேவிஸ் குளிர்பெட்டியைத் திறந்தாள். பீர், கடுகு, பாதி சாசேஜ். பழம் என்று எதுவுமில்லை.

ஆல்டனிடம் தொலைபேசியில் கேட்டார்கள். "என் எலும்புக்கட்டையா? செவ்வாக்கிழமை தீவனக் கடை மேஜையிலயே விட்டுட்டு வந்துட்டேன். புதன்கிழமை போய்க் கேட்டேன். லொரீன் பாக்கவே இல்லைன்னா. கிடைச்சுதா?"

அடுத்து சிறை. ஓரின் பெரிய உடம்பைச் சின்னக் கட்டிலில் மடக்கி உட்கார்ந்திருந்தான். மேவிஸ் ஒரு துண்டு ஈரத்தோலை அவனிடம் கொடுத்தாள்.

"பிடி."

"எதுக்கு?"

"சும்மா பிடிச்சுக்கிட்டே பேசு. வெர்லை ஏன் அடிச்சே?"

"சிரிச்சான். அடிச்சேன்."

"எத்தனை அடி?"

"எண்ணலை."

ஐந்து நிமிடம் கழித்துத் தோலைத் திரும்ப வாங்கினாள். மூன்று நாள் சிறைச் சோப்பு போட்டும் ஐந்து விரல்கள் மங்கிய கறுப்பில் பதிந்திருந்தன. ஓரின் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது குற்றவாளியின் பயமல்ல, வீட்டில் தீ பிடித்ததைத் தெருவிலிருந்து பார்ப்பவனின் பயம்.

"இதை விட்டுடுங்க, மேவிஸ். நான் கெஞ்சிக் கேக்கறேன். நான்தான்."

சனிக்கிழமை மதியம் தீவனக் கடையின் பின்னறையில் எல்லோரும் கூடினார்கள். ஷெரிஃப், ராய்ஸ், ஆல்டன், விலங்கு மாட்டிய ஓரின். லொரீன் பழக்கத்தில் காப்பி ஊற்றி வைத்தாள். ஷெரிஃப் மட்டும் குடித்தார்.

மேவிஸ் உறையை மேஜைமேல் வைத்தாள்.

"செவ்வாக்கிழமை இதுல அஞ்சு விரல் கறை இருந்துச்சு. இங்க இருந்தவங்க எல்லாரும் பாத்தீங்க. புதன்கிழமை காலையில ஈரமா இருக்கு, கறை இல்ல. ராத்திரி யாரோ இதைத் துடைச்சுக் கழுவியிருக்காங்க."

"வெர்லே துடைச்சிருக்கலாமே?" என்றார் ஷெரிஃப்.

"கறையைக் காட்டிச் சிரிக்கறதுக்குத்தான் அவன் இதை எடுத்துட்டுப் போனான். அவன் துடைக்க மாட்டான். ஓரின் துடைச்சானா? அவன் ஈரத்தோலைத் தொட்டா என்ன ஆகும்னு ராய்ஸ் காமிப்பான்."

ராய்ஸ் பெருமையாக அந்தத் தோல்துண்டைத் தூக்கிக் காட்டினான்.

"ஒரு கறையை எடுக்க அஞ்சு கறை வெச்சிருப்பான். உறை சுத்தமா இருக்கறதே அவன் அங்க இல்லைங்கறதுக்குச் சாட்சி."

"அப்ப ஆல்டன்," என்றாள் லொரீன். "அவன் கட்டைதான் அங்க கிடந்துச்சே."

"கட்டை கிடைச்சதை நான் இன்னும் இங்க சொல்லவே இல்லையே."

மேவிஸ் அதே குரலில் தொடர்ந்தாள்.

"ஆல்டன், இரும்புக் கறைக்கு நீ என்ன போடுவே?"

"பொடிதான். வெர்ல் பெஞ்சு மேலயே இருக்குமே, எழுதி ஒட்டியிருப்பான்."

"அந்தப் பொடியை யாரும் தொடலை. துடைச்சவங்க அதைத் தாண்டி சமையலறைக்குப் போய் எலுமிச்சைச் சாறு எடுத்திருக்காங்க. ஏன்னா அவங்க பெஞ்சுல வேலை கத்துக்கிட்டவங்க இல்ல. சமையல் தொட்டியில நின்னு, ஒரு வெல்டர் பாழாக்கற ஒவ்வொரு உறையையும் துடைச்சுத் துடைச்சுக் கத்துக்கிட்டவங்க. அப்புறம் காலிப் புட்டியைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிருக்காங்க. பக்கத்துல ஒரு வாரத்து எச்சில் தட்டு, கராஜுல பொணம். ஆனா புட்டி சுத்தம். கை சும்மா இருக்காது, லொரீன்."

"உறையை எடுத்துட்டே போயிருக்கலாமே, மேடம்?" என்றான் ராய்ஸ்.

"வெர்ல் எடுத்துட்டுப் போனதை எல்லாரும் பாத்தாங்க. அது காணாமப் போனா நேரா போல் வீட்டுக்குத்தான் தேடி வருவீங்க. அப்படியே விட்டா, மறுநாள் நீங்க போட்டோ எடுப்பீங்க. பேப்பர்ல வரும், கறையோட, குடும்பப் பேரோட. அதை அவளால தாங்க முடியலை. கடையைப் பூட்டறப்ப மேஜையில கிடந்த கட்டையையும் பையில போட்டுக்கிட்டுதான் போயிருக்கா. உறையைக் கேட்டு வாங்க மட்டும் போறவங்களுக்கு அது தேவைப்படாது. போட்டோவுல சுத்தமான உறையைப் பாத்ததும் துடைச்சது யார் கைன்னு ஓரினுக்குத் தெரிஞ்சுபோச்சு; ஆனா புருஷன் தானா ஒத்துக்குவான்னு அவ நினைக்கலை. ஆல்டன் மாட்டுவான்னு நினைச்சா. மாட்டலை. அதனாலதான் என்கிட்ட வந்தா, நான் குனிஞ்சு எடுக்கட்டும்னு."

"பொய்!" ஓரின் எழுந்தான். விலங்கு மேஜையில் இடித்தது. "நான்தான் செஞ்சேன். கையுறை போட்டுக்கிட்டுத் துடைச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

லொரீன் தோளைக் குலுக்கினாள். "கேட்டீங்கல்ல? அவனே சொல்றான். கையெழுத்தும் இருக்கு."

ஷெரிஃப் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மேவிஸ் ஓரினைப் பார்த்தாள்.

"சரி. எதை வெச்சுத் துடைச்சே?"

"இப்பதான் நீங்களே சொன்னீங்க. எலுமிச்சை."

"எப்படிப் புழிஞ்சே?"

"எப்படின்னா... வழக்கமா எங்க வீட்டுல புழியற மாதிரிதான். குளிர்பெட்டியில இருந்து பழத்தை எடுத்து ரெண்டா வெட்டினேன். அப்புறம்தான் புட்டியை..."

"புட்டியை?"

ஓரின் லொரீனைத் திரும்பிப் பார்த்தான். ராய்ஸ் மெல்ல, கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான்: "அந்த வீட்டுல பழமே இல்ல, ஓரின்."

லொரீன் சிரித்தாள். பல வருடமாக அடக்கி வைத்த சிரிப்புபோல இருந்தது.

"உன்னால ஒரு பொய்யைக்கூட நேராத் தைக்கத் தெரியலையேடா. வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும்னு இருந்துச்சு. அதைக்கூட உன்னால செய்ய முடியலை."

"பரவாயில்ல, லொரீன்." ஓரின் கண்கள் நிறைந்திருந்தன. "எனக்காகத்தானே அவனை... எனக்காக யாரும் இவ்வளவு செஞ்சதில்ல. அதான் நானும்..."

"உனக்காகவா?" அவள் உண்மையாகவே வியந்துபோனாள். "அட்டையில அவன் உன் பேரை மட்டும் எழுதப்போறதில்ல. போல் குடும்பம்னு எழுதப்போறான். அதுல நானும் இருக்கேன். உன்னைப் பாத்து ஊரே சிரிக்கட்டும், நானே சேந்து சிரிச்சிருப்பேன். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்."

ஷெரிஃப் ஒரே ஒரு விலங்குதான் கொண்டுவந்திருந்தார். அதை ஓரின் கையிலிருந்து கழற்றி லொரீன் கையில் மாட்டினார். அவள் மணிக்கட்டு சிறியது, விலங்கை இன்னும் இரண்டு பல் உள்ளே தள்ளி இறுக்க வேண்டியிருந்தது. அவளை வெளியே கூட்டிப்போய் வண்டியின் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகும் ஓரின் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.

"உன்னை விட்டாச்சு, வீட்டுக்குப் போ," என்றாள் மேவிஸ்.

அவன் அவளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தான். "யார் உங்களைக் கேட்டா?"

மேவிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.