நாற்பத்திரண்டாவது விநாடி

கேபிளின் இரண்டு முனைகளும் அவன் மடியில் கிடந்தன. ஆனாலும் டேஷ்போர்டு ஸ்கிரீனில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வரவில்லை. பட்டறையின் தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கார்ப்பெட்டின் புளித்த வாடையும் சற்றுமுன் பற்றவைத்த ஈயத்தின் புகையும் கலந்து காருக்குள் தேங்கியிருந்தன. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கிளிப் நாற்பத்தோரு விநாடி. இதே காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அவளே எடுத்தது. பட்டறைக்கு வரும் எந்த வண்டிக்கு ஸ்கிரீன் பொருத்தி வீடியோ லைன் போட்டாலும் அதைத்தான் அவன் ஓட்டிப் பார்ப்பான். அவளுடைய இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் லைன் சுத்தம். கொஞ்சம் குழைந்தாலும் கேபிளை மாற்றிவிடுவான். எட்டு மாதத்துக்கு முன்பு, அவளை அடக்கம் செய்த மறுநாள், அந்தக் கிளிப்பை அழித்துவிட்டான்.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” பக்கத்து ஷெட்டின் சீட் கவர்காரர் ஜன்னலில் குனிந்தார்.

“கேபிளைக் கழட்டிட்டேண்ணே. அப்பவும் படம் ஓடுது.”

அவர் எட்டிப் பார்த்தார். ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது.

“கேபிளே இல்லாம ஓடுதா? அப்ப நாளைலேர்ந்து உன்னைத் தேடி எவன் வருவான்? கிளம்பு கிளம்பு. உன் பொண்டாட்டி மனசு மாறுறதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வா.”

மனைவி இந்த எட்டு மாதமும் தன் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். நேற்றுதான் வருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. ஸ்கிரீன் இருக்கும் வண்டியில் ஏற மாட்டாள்.

பின் ஸ்கிரீன்கள் இரண்டையும் கழற்றிவிட்டான். முன்னால் இருப்பதில் ஒரு ஸ்க்ரூ மரை தேய்ந்து வெறுமனே சுழன்றது. நேரம் இல்லை. ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்கிரீன் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டான். நாளைக்கு உடைத்தாவது எடுத்துவிடலாம்.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் முன் ஸ்கிரீனில் வீடியோ நின்றுவிட வேண்டும். அப்படித்தான் கம்பெனியில் செய்து அனுப்புகிறார்கள். ஓடும்போதும் படம் வேண்டும் என்று கேட்காத ஆள் கிடையாது. ஒரு சின்ன வயரை ஒட்டிவிட்டால் போதும், வண்டி நிற்கிறது என்று ஸ்கிரீன் நம்பிவிடும். நூறு வண்டிக்கு ஒட்டியிருக்கிறான். தன் வண்டிக்கும் ஒட்டினான். அன்றைக்கு மகள் பின்னாலிருந்து தன் ஃபோனைச் செருகினாள். அவள் முகம் முன் ஸ்கிரீனில் வந்தது. அப்பா, இங்க பாரு. பார்த்தான். இரண்டு விநாடி. எதிரே, நின்றுபோன லாரி. அவள் பெல்ட் போட்டிருக்கவில்லை.

அந்த வயரை இன்று முதல் வேலையாக வெட்டியிருந்தான்.

வெளியே மாலை ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வைப்பர் தண்ணீரைத் தள்ளத் தள்ள, கண்ணாடி மறுபடி கரைந்து வழிந்தது. துண்டு ஆடவில்லை. மெயின் ரோட்டுக்குத் திரும்பினான். ஒன்றும் இல்லை. தூக்கம் இல்லாத உடம்பு என்னென்னவோ காட்டும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அப்போது துண்டின் நூலிடுக்குகளில் வெளிச்சம் வந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ஃப்யூஸ் விரலில் குத்தியது.

பார்க்கக் கூடாது. ரோட்டைப் பார். ரோட்டை மட்டும் பார்.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“என்னங்க, ஸ்டாப்ல நிக்கிறேன். குடை ஒண்ணுக்கும் உதவல, தொப்பலா நனைஞ்சிட்டேன்.”

“ரெண்டு நிமிஷம். உள்ள தள்ளி நில்லு.”

“அதை எடுத்துட்டீங்கல்ல?”

“எடுத்துட்டேன்.”

துண்டு சரிந்து கியர் மேல் விழுந்தது.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் விநாடிகள் ஓடின. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்றில் முடிந்துவிடும். அவனுக்குத் தெரியும்.

நாற்பத்திரண்டு.

சிரிப்பு நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

யாருக்கோ இடம்.

“உங்க வண்டி தெரியுது,” என்றாள் மனைவி. “ரோட்டோரத்துக்கே வந்துட்டேன். கை காட்டுறேன், பாருங்க.”

நிமிர வேண்டும். கழுத்து திரும்பவில்லை. ஸ்கிரீனின் ஓரத்தில் கதவு திறந்தது. ஒரு குடை உள்ளே வந்தது. ஒரு நனைந்த கை.

“என்னங்க, பாருங்க. இங்க...”

ஏதோ தட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை.

கார் நின்றிருந்தது. எப்போது பிரேக்கை மிதித்தான் என்று தெரியவில்லை. ஒரு வைப்பர் ஓடியது. இன்னொன்றில் குடைத்துணி சிக்கியிருந்தது. ஃபோனில் மழை மட்டும் கேட்டது.

ஸ்கிரீனில், மகளின் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. இமைகளில் மழைத்துளிகள். ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. கொஞ்சமும் குழையவில்லை.

இருவரும் அவனையே பார்த்தார்கள். பிறகு மகள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.