வாசல் மீன்

தென் கொரியாவின் இன்சியோனில் அந்த மேட்டுத் தெருவுக்கு நாங்கள் போனது ஒரு ஜனவரி பிற்பகலில். வெயில் இருந்தது, சூடு இல்லை. குடியிருந்தவர்கள் எல்லோரும் புது அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை இடிப்பு. பழைய சோபா, உடைந்த பூந்தொட்டி, குழந்தையின் நடைவண்டி, இவற்றோடு நாயையும் விட்டுவிட்டுப் போவது எங்கள் ஊரில் புதிதில்லை.

வட்ட அலுவலக வாசலில் பதாகை பிடித்து நின்று, விட்டுப்போன நாய்களைத் தேட நாங்கள் கேட்டது ஒரு வாரம். அவர்கள் கொடுத்தது அந்த ஒரு பிற்பகல்.

யோன்சுக் அக்காதான் எங்கள் நாய் மீட்புக் குழுவுக்குத் தலை. ஐம்பதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். நான் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளர். காப்பகத்தில் யாரும் தேடி வராமல் கெடு முடிந்த நாய்களுக்குச் சாவு ஊசி போடும்போது அவற்றின் தலையைப் பிடித்துக்கொள்வேன். முன்பெல்லாம் அழுவேன். பிறகு அது நின்றுவிட்டது. மனசு மரத்துப்போனால் வலிக்காது, சாப்பாடும் ருசிக்காது. அந்தக் குளிர்காலத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

பூட்டிய வீட்டை உடைத்துப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வாசலில் நின்று நாய்த்தட்டைக் கரண்டியால் தட்டுவோம். உள்ளே நாய் இருந்தால் குரைக்கும். குரைத்தால் ஆள் கூப்பிட்டுப் பூட்டைத் திறப்போம். சத்தமே இல்லையென்றால் சுவரில் சிவப்பு வட்டம் போடுவோம். வட்டம் இருந்தால் பொக்லைன்காரர் தாராளமாக இடிக்கலாம்.

பொக்லைன் ஓட்டும் மா அண்ணன் தெருமுனையில் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, தட்டைத் தட்டித் தட்டி இன்னும் எந்த ராஜாவை விருந்துக்குக் கூப்பிடுறீங்க? சட்டுபுட்டுனு முடிங்க."

"உங்க வண்டிக்கு அடியில நீங்க ஒரு நாள் படுத்துப் பாருங்கண்ணே, அப்புறம் அவசரப்படலாம்" என்றாள் அக்கா.

கடைசி வீட்டுக்கு வரும்போது வெயில் மங்கிவிட்டது. நீலக் கதவு, பூட்டியிருந்தது. அக்கா தட்டினாள். காத்திருந்தோம். மறுபடி தட்டினாள்.

ஒன்றுமில்லை.

நான் சுவரில் வட்டம் போட்டேன். பெயிண்ட் குளிரில் இறுகி, கோடு கோணலாக வழிந்தது. திரும்பி நடந்தோம்.

பின்னால் ஒரு நாய் குரைத்தது.

ஒரே ஒரு தரம். கரகரத்த, வயதான குரல்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "கேட்டுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"ம்."

திரும்பிப் போய்த் தட்டினோம். பதில் இல்லை. கதவில் காதை வைத்தேன். இரும்பு சில்லென்று தோலில் ஒட்டியது. அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுவது போல இருந்தது.

மறுபடியும் குரைத்தது. கதவுக்கு அந்தப் பக்கமே, என் முழங்கால் உயரத்தில்.

மா அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது. கடப்பாரையோடு ஓடி வந்தார். பூட்டு ஒரே நெம்பில் விழுந்தது.

கதவுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

உள்ளே திரைச்சீலை போட்ட இருட்டு. மூத்திர நாற்றம், அதன் அடியில் வேறொரு நாற்றம். டார்ச் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனோம். எரிவாயுக் குழாயில் சங்கிலியால் இரண்டு நாய்களைக் கட்டியிருந்தார்கள். சங்கிலி வாசல்வரை எட்டாது. வெள்ளை நாய் படுத்திருந்தது. பழுப்பு நாய் அதன்மேல் சாய்ந்து, எப்படியோ நின்றுகொண்டிருந்தது.

வெள்ளையைத் தொட்டேன். விறைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

பழுப்பு எங்களைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்தது, தொண்டை இழுத்தது, வயிறு எக்கியது. சத்தம் வரவில்லை. ஓட்டைத் துருத்தி போல வெறும் காற்று.

இது எனக்குப் பழக்கமான விஷயம். அக்கம்பக்கம் புகார் சொல்லாமலிருக்க நாயின் குரல்நாணை அறுத்துவிடுவார்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். பழைய தழும்பு தெரிந்தது.

"அந்த வெள்ளைதான் குரைச்சிருக்கணும்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

வெள்ளையின் வாய் திறந்தபடியே உறைந்திருந்தது. அதற்குள்ளும் டார்ச் அடித்தேன்.

அதே தழும்பு.

மா அண்ணன் கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பையில் இருந்த தீனி முன்னமே தீர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே, உள்பக்கமாக, வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று தொங்கியது. புது வீட்டுக்கு வந்ததும் கெட்டது எதுவும் நிலையைத் தாண்டக் கூடாதென்று எல்லோரும் கட்டுவது. அந்த இரண்டும் பட்டினி கிடந்த நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

வாசலுக்குப் போய் எக்கி எடுத்து நூலைப் பிரித்தேன்.

"ஏம்மா, அதை அவுக்காதீங்க" என்றார் மா அண்ணன்.

"அதுக்குப் பசிக்குதுண்ணே."

"வாசல் மீனும்மா அது. உள்ள ஒரு சாவு கிடக்கு."

"நாளைக்கு வீடே இருக்காது. அப்புறம் வாசல் எங்க இருக்கு?"

பிய்த்துத் தண்ணீரில் நனைத்து ஊட்டினேன். பழுப்பு விழுங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நிலையைத் தாண்டும்போது, குளிர்ந்த ஏதோ ஒன்று என் காலை உரசிக்கொண்டு முந்திப் போனது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே மா அண்ணன் நான் போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் குரைப்பு கேட்காமலிருந்தால் காலையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

வெள்ளையை அக்கா போர்வையில் சுற்றித் தகனத்துக்குக் கொண்டுபோனாள். பழுப்பை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போரி என்று பெயர் வைத்தேன். அந்தச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் என்று எடுத்து வந்தது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு என்று வீட்டில்தான் தெரிந்தது. ஒன்றில் போரிக்கு வைத்தேன். இன்னொன்றை அலமாரியில் போட்டேன்.

சில நாள் கழித்து, சாயங்காலம், இன்டர்காம் அடித்தது. கீழே வாச்மேன் பெரியவர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வீட்டு நாய் ரொம்பக் குரைக்குதாம். கீழ் வீட்டம்மா சத்தம் போடுறாங்க."

"என் நாயால குரைக்க முடியாதுங்க."

"இல்லம்மா, எனக்கே கேட்டுச்சே. எல்லாரும் செய்றதுதானே, அந்தத் தொண்டை ஆபரேஷனைப் பண்ணிட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி."

"ஏற்கெனவே பண்ணியாச்சுங்க."

"அப்போ அந்த வெள்ளைக்கு?"

"எந்த வெள்ளை?"

"அன்னிக்கு நீங்க பழுப்பைத் தூக்கிட்டு வந்தப்ப, உங்க பின்னாடியே லிஃப்ட்ல ஏறிச்சே, அது."

ரிசீவரை வைத்தேன். போரி வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தது. எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்து மெல்ல வாலை ஆட்டியது.

நான் அலறியிருக்க வேண்டும். ஆனால் பயப்படக்கூட என்னிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அலமாரியிலிருந்து அந்த இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, போரியின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காலையில் வெறுங்காலோடு எழுந்து வந்தேன். அடியில் வெந்நீர் ஓடும் தரை, உள்ளங்காலில் கதகதவென்று இருந்தது. போரியின் கிண்ணம் காலியாக இருந்தது.

மற்றதில் தண்ணீர் அடிவரை பனிக்கட்டியாக உறைந்திருந்தது. நடுவில், நாக்கால் நக்கி நக்கி வழவழப்பாக்கிய ஒரு குழி.