எறிந்த பைட்

பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம். வார்டில் பார்வையாளர் யாரும் இல்லை.

நிரலாளர் ஒன்பதாம் படுக்கையில் மடிக்கணினியை வைத்து, வார்டின் இணைப்பைச் செருகினார். விரிப்பில்லாத ரெக்ஸின் மெத்தை. பினாயில் வாசம். நான்கு நாள் முன்பு அவருடைய அக்கா இங்கேதான் இறந்தாள். விசாரணை முடியாததால் உடல் இன்னும் கீழே பிணவறையில் இருந்தது.

"மணி அடிக்கவே இல்ல சார்," என்றாள் நர்ஸ். "நான் தூங்கிட்டேன்னு எழுதிட்டாங்க. நாளைக்கு என் வேலை போயிடும்."

"அதப் பாக்கத்தான் வந்தேன் சிஸ்டர்."

படுக்கையோரக் கருவிகள் அனுப்பும் பைட்டுகளைப் பிரித்து நாடி, மூச்சு, உடல் வெப்பம் என்று காட்டும் பைத்தான் நிரல் நூலகம் அவர் எழுதியது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் முதல் பைட், பின்னால் எத்தனை மதிப்புகள் என்று சொல்லும். அதற்கு மேல் ஒட்டிக்கொண்டு வருவது குப்பை. அதை நிரல் சத்தமில்லாமல் எறிந்துவிடும். எதற்கும் நின்றுபோகாத நிரல் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அக்கா இறந்த நாளின் மூலப் பதிவைத் திறந்தார்.

முதல் பைட், மூன்று. பின்னால் நான்கு மதிப்புகள்.

புதிய கருவியில் நர்ஸைக் கூப்பிடும் அழைப்புப் பொத்தானைச் சேர்த்தவர்கள் முதல் பைட்டை மாற்ற மறந்திருந்தார்கள். பொத்தானை அழுத்திய செய்தியை அவருடைய நிரல் எறிந்திருந்தது.

எறியும் அந்த ஒரு வரியை நீக்கி, மீண்டும் ஓட்டினார்.

அழைப்பு. அழைப்பு. அழைப்பு.

"கூப்பிட்டாங்களா சார்?"

"ஒம்பது தடவை. தப்பு உங்களுது இல்ல."

நர்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்ன வயதில் அக்கா தலையில் குட்டிச் சொல்வாள்: "செவிட்டுப் பயலே, பத்து தடவை கூப்பிட்டாத்தான்டா உனக்குக் காது கேக்கும்."

திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. இன்றைய தேதி. ஒன்பதாம் படுக்கை.

"சிஸ்டர், இங்க இருந்த கருவி?"

"அன்னைக்கே கழட்டிட்டாங்களே."

சுவரில் மூன்று ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

நாடி, பூஜ்யம்.

மூச்சு, பூஜ்யம்.

வெப்பம், நான்கு.

"நாலா?" நர்ஸின் குரல் இறங்கியது. "அது... கீழ பிணவறைல வைக்கிற அளவு சார்."

அழைப்பு, ஒன்று.

பத்தாவது.

அவர் திரையருகே குனிந்தார்.

"இப்போ கேக்குதுக்கா. என்ன வேணும், சொல்லு?"