ஐந்தாம் முறை வந்தவன்

“அஞ்சு தடவை வந்திருக்கான்” என்றார் பெரியவர்.

பூட்டுக்காரன் வாசல்கதவின் முன்னால் மண்டி போட்டு, இரண்டு திருகாணிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டிருந்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. வாயில் இரும்பு இருக்கிறவனிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

நான்கு தடவை. அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வந்தவன் அவன்தான்.

பூட்டுக்குள் பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. ஓர் உருளை, அதற்குள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும் ஐந்து சின்னப் பித்தளைக் குச்சிகள். சரியான சாவி நுழைந்தால் அதன் மேடுபள்ளம் ஐந்தையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கும், உருளை சுற்றும், கதவு திறக்கும். அந்த மேடுபள்ளத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு இன்னொரு சாவியை அரத்தால் அராவிச் செய்யக் கால் மணி நேரம் போதும். பெரியவருக்கு இரண்டு சாவி கொடுத்தபோதெல்லாம் அவன் மூன்று அராவியிருந்தான். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு மாடியில் இரண்டு மணி நேரம் தூங்குவதாக அவரே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் வருவான். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பி நிறுத்துவான். மூச்சைப் பிடித்து, மூன்று எண்ணும்வரை வீட்டின் சத்தத்தைக் கேட்பான். பிறகுதான் மீதியைத் திருப்புவான். சமையலறையைத் தாண்டிப் போனதில்லை. முதல் முறை அரிசி. அடுத்த முறை அரிசியும் ஒரு சோப்பும். விழித்தெழுந்து டப்பாவைப் பார்த்து வெலவெலத்துப்போகும் பெரியவர், பூட்டை மாற்ற அவனையே கூப்பிடுவார். கூலியும் கொடுப்பார். புதுப் பூட்டுக்கும் மூன்று சாவி.

வேலியே பயிரை மேய்கிறது என்று ஊர் சொல்லும். மேய்கிற வேலிக்கு வயிறு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அப்படித்தான் அவன் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

திருகாணிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்: “அஞ்சாவது தடவை என்ன சார் போச்சு?”

“ஒண்ணும் போகலய்யா, பாதுகாப்பு மந்திரி. அதான் பயமா இருக்கு.” பூட்டுக்காரனை அவர் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். பெரியவர் முப்பது வருஷம் நிலம் அளந்தவர். அளவு நாடா இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தது. “மேல ரூம்ல ஜன்னலோரமா ஒரு நாற்காலி இருக்குல்ல? தூங்கி எழுந்து பார்த்தா, கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருக்கு. ஒரு அடி கிட்ட வந்திருக்கு. அளந்துட்டேன்.”

மாடியில் அவன் கால் வைத்ததே இல்லை.

இடது காலை வழக்கம்போலத் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்குப் போனபோது மனைவி அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியை வேண்டுமென்றே தடதடக்க விட்டிருந்தாள். சுவர் மெலிசு. பக்கத்து வீட்டுக் காதுக்கு அது சமையல். மகள், நாலு வயசு, அந்தச் சத்தத்தையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கி வேலை இருந்துச்சா?”

“பெரியவர் வீட்டுல.”

“மறுபடியுமா? பாவம், அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?”

அவன் அரிசி டப்பாவைத் திறந்தான். உட்புறத் துருவில், நாளுக்கு ஒன்றாக அவள் நகத்தால் கீறியிருந்த கோடுகள். பெரியவரின் டப்பாவிலும் கோடுகள் இருந்தன, பென்சிலில், அளவுகோல் வைத்துப் போட்டவை. அவர் எவனாவது எடுத்தானா என்று பார்க்கக் கோடு போட்டார். இவள் எத்தனை நாள் வரும் என்று பார்க்கப் போட்டாள். வாசலில் காலடி கேட்டால் அவரும் மூச்சை அடக்குவார், இவளும் அடக்குவாள். இல்லாதவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் ஒரே காது. வித்தியாசம் ஒன்றுதான்: இவள் நாளைக்குப் பயந்தாள். நாளை எப்படியும் வரும் என்பதால் யாரும் இவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு அவன் அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போகவில்லை. பெரியவர் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. ஆறாவது முறை. ஏழாவது. ஒன்றும் காணாமல் போகவில்லை. நாற்காலி மட்டும் கிட்ட வந்துகொண்டே இருந்தது.

ஏழாவது முறை போனபோது, சாவித் துவாரத்துக்குள் சுண்ணாம்புத் தூளை மெல்லிய குழாயால் ஊதிவிட்டு வந்தான். எந்தக் கம்பி நுழைந்தாலும், எவ்வளவு நேக்காக நுழைந்தாலும், தூள் கலைந்துவிடும். பெரியவரின் மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள்; அவர் வெளியே போவதை விட்டு மாதமாகிவிட்டது. நாலு நாள் கழித்து அவர் மறுபடி அழைத்தபோது உருளையைக் கழற்றி விளக்கில் பார்த்தான். ஊதிய தூள் ஊதியபடியே, புது மாவு போல, ஐந்து குச்சிகளின்மேலும் படிந்திருந்தது. ஜன்னல் கம்பிகளை உலுக்கினான். கொல்லைக் கதவைப் பார்த்தான். மொட்டைமாடிக் கதவின் துருவைப் பார்த்தான். எல்லாம் அசையாமல் இருந்தன.

வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

“இப்ப கட்டிலுக்கும் நாற்காலிக்கும் ரெண்டரை அடி” என்றார் பெரியவர், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

ஞாயிறன்று பெரியவரின் மகளே கூப்பிட்டனுப்பினாள். வானம் மூடியிருந்ததால் சாயங்காலம் நாலு மணிக்கே மாடி நடை மங்கிக் கிடந்தது. ஈரச் சுவரின் வாசனை, மாத்திரை வாசனை, அவற்றுக்கு அடியில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை, அரம் தேய்த்த பித்தளையின் வாசனை. தன் பையிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டான். பையைக் கீழேயே வைத்துவிட்டு வந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் தேநீர் போடக் கீழே போயிருந்தாள்.

“தம்பி, கிட்ட வா. அரிசி எடுக்கிறவனை எனக்குத் தெரியும்.”

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

“பசிச்சு வர்றான். சமையல்கட்டைத் தாண்ட மாட்டான். கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போவான், என் தூக்கம் கெடக்கூடாதுன்னு. அவனுக்கு நான் ஏன் பயப்படணும்? ரெண்டு பிடி கூடவே எடுத்துக்கட்டும்.” நாற்காலியைப் பார்க்காமல் அதன் பக்கம் விரலை நீட்டினார். “அவன் பின்னாலேயே ஒருத்தன் வந்துட்டான்யா. வந்தவன் போகல. நீ உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாராவது உள்ள வர முடியும்னு மட்டும் என் பொண்ணுகிட்ட சொல்லு. என்னை இங்கருந்து கூட்டிட்டுப் போயிடுவா.”

அவமானம் காது மடலில் ஆரம்பித்துக் கழுத்து வழியாக இறங்கியது. அவன் தலையாட்டினான். ஆட்டியதாகத்தான் நினைத்தான்.

மகள் தேநீருடன் வந்தாள். தூங்காத கண்கள். “உண்மையைச் சொல்லுங்கண்ணே. உங்க பூட்டைத் தாண்டி யாராவது உள்ள வர முடியுமா?”

முடியும் என்று ஒரு வார்த்தை. அப்புறம் இந்தத் தெருவில் எந்தக் கதவு அவனைக் கூப்பிடும்? எத்தனை சாவி அராவினாய் என்று அடுத்த கேள்வி வரும். கொதிக்கிற வெறும் தண்ணீர். தடதடக்கும் மூடி.

“ஈ, காக்கா கூட நுழைய முடியாதும்மா” என்றான்.

பெரியவர் அவனைக் கோபமாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தப்பு செய்தவர் போல, மகளைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சு போல.”

“மாத்திரை போட்டுட்டு எழுந்து நடக்கிறீங்கப்பா. நீங்களே நாற்காலியை இழுத்துட்டு, நீங்களே அளக்கறீங்க. படியில விழுந்தா என்ன ஆகும்?” அவன் பக்கம் திரும்பினாள். “இந்த ரூமுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்கண்ணே. ராத்திரி நான் கீழேயே படுத்துக்கறேன்.”

கீழே போய்ப் பையை எடுத்துவந்தான். கதவைச் சாத்திக்கொண்டு வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாளை வைத்து, நான்கு புள்ளி குறித்து, துளையிட்டு, திருகாணிகளை முடுக்கினான். நல்ல தாழ்ப்பாள். நீளமான இரும்பு, நிலைச்சட்டத்துக்குள் இரண்டு அங்குலம் போகும். சத்தம் வராமல் இருக்க எண்ணெய் விட்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தம்பி, இதைப் பூட்டிட்டா அவன் எப்படி வெளிய போவான்?”

அவன் எண்ணெய்க் குப்பியை மூடினான்.

உள்ளே இருமல். தூரத்தில், கட்டில் பக்கம்.

கைப்பிடி அசைந்தது.

கால் சுற்று. நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

மீதிச் சுற்று.

கட்டிலில் மறுபடி இருமல்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் இருட்டு. பித்தளை வாசனை.

“அண்ணே” என்று கீழிருந்து மகள் குரல். “முடிஞ்சுதா? உள்ள எல்லாம் சரியா இருக்கில்ல?”

அவன் கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளினான். எண்ணெய் போட்ட இரும்பு சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

“சரியா இருக்கும்மா.”

கைப்பிடி பொறுமையாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. காலடிகள் கதவை விட்டு நகர்ந்தன. இடது கால் கொஞ்சம் தேய்ந்து விழும் நடை. பூட்டுக்காரனின் சொந்த நடை. தரையில் மரம் உராய்ந்தது.

பெரியவர் கத்தவில்லை. நாடா இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் வயல்வெளியில் உதவியாளனுக்கு அளவு சொல்வது போல நிதானமான குரல்.

“ரெண்டு அடி.”

உராய்வு.

“ஒரு அடி.”

உராய்வு.

“நாலு அங்குலம்.”

அவன் விரல்கள் தாழ்ப்பாளின்மேல் இருந்தன.