மணி அடித்தது... எலி அசையவில்லை!

"கோட்டைக் கழட்டுங்க சார்! பாக்கெட்டைப் பார்க்கணும்!"

ஆராய்ச்சிக் கூடத்தின் எலி அறை உறைந்தது. எலிகள் உட்பட!

காலையில்தான் சீனியர் அண்ணன் அந்த ஆராய்ச்சி மாணவியின் காதில் ஓதியிருந்தான்.

"யாரை வேணா சோதனை போடச் சொல்லு. சாரை மட்டும் கேட்டுடாதே. படிப்புக்குச் சங்குதான்!"

கேட்டுவிட்டாள். சும்மாவா அவளைப் பட்டாசு என்று கூப்பிடுகிறார்கள்?

பேராசிரியர் கொதித்தார்.

"திமிரைப் பார்த்தீங்களா மேடம்? லாக்கர்ல இருந்த கொக்கைன் பாட்டிலைக் காணோம். சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. நானா திருடுவேன்?"

இயக்குநர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்தார்.

"சாரைப் போய் எப்படிம்மா சோதிக்கறது? நீ ஒத்துக்கோ. காலேஜ்லேர்ந்து உன் பேரை மட்டும் அடிச்சுட்டு விட்டுடறோம்."

பேரை மட்டுமா! அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"திருடன் யாருன்னு மணியே சொல்லும் மேடம்."

"மணியா?!"

"மணியடிச்சு மணியடிச்சுத்தான் இந்த எலிங்களுக்குக் கொக்கைன் கொடுத்துப் பழக்கினோம். நிறுத்தி மாசக்கணக்கானாலும் மணி கேட்டா போதும், கொக்கைன் வர்ற லீவரை அமுக்க ஓடும். மனுஷனும் இப்படித்தான் திரும்பத் திரும்ப விழறான். அதை நிறுத்தத்தான் நான் கண்டுபிடிச்ச ஊசி. இந்த எலிங்களுக்குப் போட்டாச்சு."

"இப்ப எதுக்கு எலிப் பாடம்?" பேராசிரியர் கத்தினார்.

பட்டாசு பொத்தானை அழுத்தினாள்.

ட்ர்ர்ரிங்!

ஒரு எலி கொட்டாவி விட்டது. இன்னொன்று காதைச் சொறிந்தது. மற்றவை திரும்பிப் படுத்தன. ஒன்றுகூட லீவர் பக்கம் போகவில்லை!

ஆனால்...

பேராசிரியரின் வலது கை!

தானாக எழுந்தது... கோட்டுப் பாக்கெட்டுக்குள் நுழைந்தது... ஒரு குட்டி பாட்டிலோடு வெளியே வந்தது! மூக்கு அதை நோக்கிக் குனிந்தது!

"சார்!" இயக்குநர் அலறினார்.

பேராசிரியர் தன் கையை அடுத்த வீட்டுக்காரன் கையைப் போலப் பார்த்தார்.

"நான்... நான் எடுக்கச் சொல்லவே இல்ல..."

"தினமும் எங்களை வெளிய அனுப்பிட்டுத் தனியா மணியடிச்சீங்களே சார்... எலிக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கா?"

இயக்குநர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"விஷயம் இந்த ரூமைத் தாண்ட வேணாம்மா. ஆராய்ச்சிக் கட்டுரையில உன் பேரையே முதல்ல போடறோம். உன் எதிர்காலத்தைப் பாரு."

பட்டாசு தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். லாக்கர் சாவியை மேஜைமேல் வீசினாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடியே போலீஸுக்குப் போன் போட்டுட்டேன் மேடம். என் ஊசி வேலை செய்யுது. மிச்ச ஆராய்ச்சியை மனுஷங்க இருக்கற இடமாப் பார்த்துப் பண்ணிக்கறேன்."

கதவைத் திறந்து நடந்தாள்.

"ஏம்மா..." பின்னால் பேராசிரியரின் குரல் கெஞ்சியது. "அந்த ஊசி... எனக்கும் போடுவியா?"

அவள் திரும்பவே இல்லை.

"இப்போதைக்கு எலிக்கு மட்டும்தான் சார் அனுமதி. உங்களை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு போலீஸ் வந்து சொல்லட்டும்!"