தப்புன்னு சொன்ன அண்ணன்

"சின்னவன் பேசுறேன். வயசு இருபத்தாறு. கடல் தாண்டி, பேக்கரிக்கு மேல ரூம்ல நல்லா இருக்கேன்..."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் செய்தி இப்படித்தான் தொடங்கும். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது போல! வாரமெல்லாம் ஃபேக்டரியில் கண்ணாடி பேக் செய்து கீறிய விரல்களில் பிளாஸ்திரி. டைப் செய்ய முடியாது. அவன் பேசுவான், போன் எழுதிக்கொள்ளும். மாதம் ஒரு பார்சலில் அப்பாவுக்குப் புதிய டிவிடிகள் போகும். எது தேறும், எது தேறாது என்று அவன் சொல்வதை அக்கா வீட்டில் வாசித்துக் காட்டுவாள்.

அன்று மழை... டிவிடி கடைக் கண்ணாடியில் நீர்க்கோடுகள் ஓடிப்பிடித்து விளையாடின. காமெடி அலமாரி முன் நின்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பழைய கறுப்பு வெள்ளைப் படம். பிரிண்ட் பளிச்சுன்னு இருக்கு. ஆனா சிரிப்பே வரல. கோமாளி சும்மா சும்மா ஒரே வீட்டுக்குப் போய் அடி வாங்குறான்..."

"தப்பு!"

திடுக்கிட்டுத் திரும்பினான். விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கடைப்பெண்! இங்கே யாருக்கும் தமிழ் புரியாது என்றுதானே சத்தமாகப் பேசினான்...

"அவன் கையில என்ன இருக்குன்னு பாத்தீங்களா? கதவை இழுத்தப்ப கைப்பிடி கழண்டு வந்துடுச்சு. அதைக் குடுக்கத்தான் வர்றான். அந்த வீட்டுப் பொண்ணைப் பாத்ததும் குடுக்க மறந்துடுறான்... பாவம்ங்க!"

கோபத்தில் விரிந்த அந்தக் கண்கள்... அவனும் சொல்ல வந்ததை மறந்தான். போன் மறக்கவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டது.

"டேய், யாருடா அது 'தப்பு'ன்னு சொல்றது? அப்பா அந்தப் படத்தைத்தான் முதல்ல அனுப்பச் சொல்றார்" என்று அக்கா எழுதினாள்.

பெண் என்றால் அம்மா தூங்க மாட்டாளே... வாய் உளறியது. "கடையில ஒரு அண்ணன்."

அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் இரட்டைக் குரல்தான்.

"இந்தப் பிரம்மாண்டப் படத்துல ஊரே மூணு தடவை இடியுது! எவ்வளவு செலவு தெரியுமா?"

"செலவு பண்ணவங்க அழட்டும். நான் எதுக்குங்க அழணும்?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

நான்காவது வாரம் அவன் கை நிறைய டிவிடி. அக்காவின் பதிலைப் போனையே வாசிக்கச் சொன்னான். அது கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தது: "அந்த அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு அம்மா கேக்குறாங்க."

அவள் நிமிர்ந்தாள். "அண்ணனா?"

"அது... வந்து... வீட்டுல பயந்துகிட்டு..."

"என் பேச்சு வேணும். நான் வேணாம். அப்படித்தானே?"

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான். "பை வேணுமா சார்?"

சார்! எந்தக் கண்ணாடியும் அவனை அப்படிக் கிழித்ததில்லை.

"அண்ணன் எங்கடா? உன் கருத்து மட்டும் உப்பு சப்பில்லாம இருக்காம். அப்பா சொல்றார்" என்று அக்கா எழுதினாள். உண்மையைச் சொன்னால் வீடு என்ன ஆகும்? சொல்லாவிட்டால்... அந்தக் கண்கள்?

மூன்றாவது சனிக்கிழமை மறுபடி மழை. சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"கடை மூடப்போறோம் சார்."

"கைப்பிடியைத் திருப்பிக் குடுக்க வந்தேன்..."

சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவன் போனை உதட்டருகே கொண்டுபோனான்.

"சின்னவன் பேசுறேன். வயசு இருபத்தாறு. பயந்துபோய் ஒரு பொய் சொல்லிட்டேன். அது அண்ணன் இல்ல. பொண்ணு. தப்பைத் தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்ற பொண்ணு. எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு..."

"தப்பு!"

அவன் முகம் வெளுத்தது. அவள் போன் பக்கம் குனிந்தாள். இமையில் ஈரம். மழையில் நனைந்தது அவனல்லவா?

"'எனக்கு' இல்ல... 'எங்க ரெண்டு பேருக்கும்'னு வரணும்."

போன் அதையும் எழுதிக்கொண்டது. அவன் சிரித்தான், மூக்கை உறிஞ்சினான், பிறகு மெல்லச் சொன்னான்.

"இதை யார் முதல்ல படிச்சாலும் சரி... தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க. அம்மாவை உக்கார வெச்சு, அப்பாவுக்கும் கேக்குற மாதிரி, மெதுவா வாசிச்சுக் காட்டுங்க."