அட்டாவின் ஸ்டீயரிங்

எஞ்சின் அணைந்திருந்தது. சாவி அசுமாடுவின் சட்டைப்பையில் கிடந்தது. ஆனாலும் ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டிருந்தது.

குமாசி நகரத்துச் சுவாமே பட்டறைத் தெருவில் அசுமாடுதான் ‘ஸ்டீயரிங் டாக்டர்’. பட்டம் கொடுத்தது கடைப் பலகை எழுதியவன். விரல் நுனியால் தொட்டே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு; பேச்சைக் கிளப்பியவரும் டாக்டர்தான்.

வண்டிக்காரி மேடம் பிராகோ காலையில் வந்திருந்தார்.

“எண்பதைத் தாண்டினா கை உதறுது மாஸ்டர். மூணு தடவை பாத்துட்டீங்க. நோய் வண்டிக்கா, டாக்டருக்கா?”

“வீல் பேலன்ஸ் மேடம். சின்ன விஷயம்.”

“மூணு மணிக்கு வர்றேன். தங்கச்சிங்களோட மாம்போங்ல சாவுக்குப் போகணும். அந்தச் சரிவுல எங்களையும் சேத்துப் பொதைக்க வச்சிடாதீங்க.”

பேலன்ஸ் சரியாக இருந்தது. பிரேக் டிஸ்க்கில் கோணல் இல்லை. ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டக்.

அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவரே மாட்டியது. பழசுக்குள் கிரீஸை அடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, புதுசென்று விற்றது. டாக்சிக்கார அட்டாவுக்கும் அப்படி ஒன்றைத்தான் மாட்டினார். மாம்போங் சரிவில் அட்டாவின் சக்கரம் கழன்று மடங்கியது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அட்டாவின் சாவுக்கு டாக்டர் ஆறு பெட்டி சோடா கொடுத்தார். அதை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொல்லவும் வைத்தார். பிறகு நொறுங்கிய டாக்சியை உதிரிக்காக வாங்கினார். அதன் ஸ்டீயரிங்தான் இப்போது பிராகோவின் வண்டியில் இருந்தது, அட்டாவின் மனைவி சுற்றிக் கொடுத்த சிவப்புக் கயிற்றோடு.

நல்ல ஜாயிண்ட் அலமாரியில் இருந்தது. மாற்ற அரை மணி போதும். ஆனால் பிராகோ கேட்பார்: அப்போ போன தடவை மாட்டினது என்ன? டாக்டர் அதே பழைய ஜாயிண்டில் கிரீஸைத் திணித்துச் சக்கரத்தை முடுக்கினார்.

சனிக்கிழமை, ஊரில் சாவுச் சடங்குகளின் நாள். தெருவே சாவுகளுக்குப் போயிருந்தது. வெல்டிங் ஓசை இல்லை, ஜெனரேட்டர் இரைச்சல் இல்லை. ஹர்மட்டான் காற்று பாலைத் தூசியை மாவு மாதிரி சலித்து, தகரக் கூரையிலும் கருகின எண்ணெய் வாடையிலும் டாஷ்போர்டிலும் ஓசையில்லாமல் இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கிலும் தூசி படிந்தது. பத்து இடங்களைத் தவிர.

இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் ஐந்து.

துடைத்தார். தூசி மறுபடி இறங்கியது. மறுபடி பத்து. தொட்டார். ஈரம். வியர்வை.

“மாஸ்டர்!”

பிராகோ, சிவப்பும் கறுப்புமாகச் சாவுத் துணியில். பின்னால் மூன்று தங்கைகள்.

“சரியாச்சா?”

இப்போதுகூடச் சொல்லலாம்.

“ஆச்சு மேடம்.” சாவியை நீட்டினார்.

பிராகோ பெரிய ரோடு வரை விரட்டி ஓட்டித் திரும்பி வந்தார். “அட, எண்பதுலகூடத் துளி ஆட்டம் இல்ல! டாக்டர்னா டாக்டர்தான்.” தங்கைகள் சிரித்தார்கள். வண்டி போனது.

விடைகொடுக்கக் கை தூக்கினார். இரண்டு கையும் எழுந்தன. விரல்கள் காற்றில் ஒரு வட்டத்தைப் பிடித்து இறுகின. நடுங்கின.

பிரிக்கப் பார்த்தார். முழங்காலால் அடித்தார். பல்லால் கடித்தார். பிரியவில்லை. பெஞ்சில் போன் இருந்தது. அழைத்து, நில்லுங்க என்று ஒரு வார்த்தை. அழைக்க ஒரு விரல் வேண்டும். கத்தினார். தெருவில் ஆளில்லை.

சரிவுக்கு முக்கால் மணி நேரம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். உள்ளங்கையில் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடையும். பிறகு நல்ல சாலை. எண்பது. தொண்ணூறு.

டக்.

கைகள் இடப்பக்கம் வெட்டித் திரும்பின. இன்னும். இன்னும். முழங்கை முறியும் வரை.

பிறகு நடுக்கம் நின்றது. மூடிய விரல்கள் மேல் தூசி இறங்கத் தொடங்கியது.